பிள்ளையாருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

கௌரி கார்ச் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். எறிந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எறியப்படும் சாமான்கள் பின்னேரத் தேநீருக்குள் தத்தம் இடங்களுக்குத் திரும்பிவிடும். மெதுவாக வைக்கப்படுபவைதான் வைத்த இடத்திலேயே கிடக்கும்.

“நான் இனிக் கார் ஓடமாட்டன்,” என்றாள். “திங்கட்கிழமை சிஸ்டருக்குப் போன் எடுத்து, வேற ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லிவிடுறன்.”

கைப்பை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. மேலுதட்டில் வியர்வை. நான் வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய பலாப்பழத்தை வெட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு கையிலும் பலாப்பால். அந்தக் கைகளோடு ஒருவரை ஆறுதல்படுத்த முடியாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

“திரும்பவும் நிண்டிட்டுதோ?”

“நிண்டிட்டுது. அதே காலிமுகத்திடல் கலர் லைட். பச்சை விழுந்து, பிறகு சிவப்பும் விழுந்திட்டுது. பின்னால ஒரு பஸ்காரன் ஹோர்னில கையை வைச்சவன், எடுக்கவே இல்லை.”

“அவன் வேற என்னவும் சொன்னவனோ?”

“சொன்னவன். நான் பிள்ளைகளுக்குப் படிப்பிச்ச வாயால அதைச் சொல்லமாட்டன்.”

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கௌரி என் மனைவி, ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. நான் எழுதிப் பிழைப்பவன். சரியாகச் சொன்னால், அவளுடைய ஓய்வூதியத்தில் பிழைத்துக்கொண்டு எழுதுபவன். கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடத்தில், சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வரும்படி சிஸ்டர் கேட்டிருந்தார். கேட்ட நாளிலிருந்து கௌரி சமைக்கும்போது மெல்லிய குரலில் பாடத் தொடங்கினாள். ஓய்வுக்குப் பிறகு எங்கள் குசினியில் அந்தச் சத்தம் இருக்கவில்லை.

தடை ஒன்றே ஒன்று, அவளுடைய முழங்கால். பஸ் படி உயரம். ஆகவே, மற்றவர்கள் கார் ஓடுவதை விடுகிற வயதில் அவள் பழகி லைசென்ஸ் எடுத்தாள். முதல் தரத்திலேயே பாஸ். வகுப்புத் தொடங்குமுன் வழி பழகுவதற்காகக் கொட்டாஞ்சேனைப் பக்கம் தனியே ஓடிப் பார்க்கத் தொடங்கினாள். நான் என் காலத்தில் எத்தனையாம் தரத்தில் பாஸ் பண்ணினேன் என்பது இந்தத் தொடரின் வேறொரு அத்தியாயத்தில் வந்துவிட்டது. திரும்பச் சொல்ல விருப்பமில்லை.

எங்கும் போகாத வெள்ளிக்கிழமைகள்

எங்கள் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான் கார், வெள்ளை நிறம், ஓட்டோ கியர். வாங்கும்போதே அது வேறு யாரோ ஒருவரின் இளமையைப் பார்த்துவிட்டு வந்ததுதான். பிறகு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதோடு கொழும்பில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை வயதான மாமனாரைப் போலப் பார்க்கத் தொடங்கினோம். போனால் இன்னொருவர் வரப்போவதில்லை.

கொரோனாக் காலத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்ற கார்களின் பற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அப்போது வந்தது அந்த வழக்கம். வெள்ளிக்கிழமை காலை, குளித்து முடித்துத் திருநீறு பூசிய கையோடு, எல்லா வீட்டு ஆண்களும் கீழே இறங்கிக் கார்களை ஸ்டார்ட் பண்ணுவோம். ஆளுக்கொரு தேத்தண்ணிக் கோப்பை. சிலர் டாஷ்போர்டில் ஊதுபத்தியும் செருகுவார்கள். எங்கும் போகாத கார்கள் வரிசையாக நின்று உறும, நாங்கள் நடுவில் நின்று நாட்டின் எதிர்காலத்தைக் கதைப்போம். தேத்தண்ணி முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு கடமையைச் செய்த நிறைவோடு மேலே ஏறுவோம்.

கொரோனா போனது. பெற்றோல் வரிசைகள் வந்தன, போயின. வெள்ளிக்கிழமை மட்டும் நிலைத்துவிட்டது.

மற்ற நாட்களில் எங்கள் கார் போகும் இடங்கள்: கோயில், மீன் கடை, கல்யாண மண்டபம். எல்லாம் எஞ்சின் சூடாகுமுன் வந்துவிடுகிற இடங்கள். ஒரு சீவன் வெள்ளவத்தையை விட்டு வெளியே போகாமலே முதுமை அடைந்தது.

இதற்கு மருந்து சொன்னவன் ரமணன். கௌரியின் தம்பி, கிருலப்பனையில் இருக்கிறான், கார்களைப் பற்றி ஐயமே இல்லாதவன். “அத்தான், பழைய எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில்தான் விடவேணும். அப்பாவின்ர காருக்கு அப்பிடித்தான் விட்டனாங்கள்.” அப்பாவின் கார் இங்கிலாந்தில் செய்தது, அந்தச் சாம்ராச்சியத்தோடு சேர்ந்தே அதுவும் போய்விட்டது. இருந்தாலும் தடித்த ஒயில் விட்டோம்.

ஒருநாள் ஸ்டியரிங்கின் பின்னால், எஞ்சின் வடிவத்தில், ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. “அது சென்சர் பிழை அத்தான். ஜப்பான்காரன் எல்லாத்துக்கும் பயந்தவன்,” என்றான் ரமணன். அணைக்கப் பார்த்தான், அணையவில்லை. அன்று கோயிலில் தந்த சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து விளக்கின் மேலேயே ஒட்டினான். வெளிச்சமும் மறைந்தது, காவலும் ஆயிற்று. பிரச்சினைகளை இவ்வளவு பக்தியோடு தீர்க்கும் இன்னொரு சமூகம் உலகில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் ஓடிப் பார்த்தார்கள்

கௌரிக்கு முதல் தரம் கார் நின்றபோதே விசாரணை ஆரம்பமாகிவிட்டது. ரமணன் வந்தான். எங்கள் ஒழுங்கையால் இறங்கி, மரைன் டிரைவில் கொஞ்சத் தூரம் ஓடி, கடலை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“கார் பூ மாதிரி ஓடுது. அக்கா, நீங்கள்தான் பயந்துபோய் பிரேக்கைப் போட்டு அமத்துறீங்கள்.”

“ஓட்டோ கியர் காரில பிரேக்கை அமத்தினா எஞ்சின் நிக்குமோடா?”

“சில ஆக்களுக்கு நிக்கும் அக்கா.”

அடுத்து நான். அதே ஒழுங்கை, அதே கடல், அதே தீர்ப்பு. பிறகு கொம்பனித்தெருவில் கராஜ் வைத்திருக்கும் பஸ்லி நானாவிடம் சொன்னேன். வழியில் நிற்கும் என்று அவர் ஆள் அனுப்பிக் காரைக் கயிறு கட்டி இழுத்துப்போய், ஒருநாள் வைத்திருந்து, பிளக்குகளை மாற்றி, தன் தெருவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதே கயிற்றில் கொண்டுவந்து விட்டார். “இந்தக் கொழும்புல எஞ்சினுக்கு நாடி பாக்க என்ன விட்டா ஆள் இல்ல சேர். காருல ஒண்டும் இல்ல.” மிச்சத்தை மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார்.

கௌரி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். “எஞ்சின் நல்லாச் சூடாகினாப் பிறகுதான் நிக்குது. ஓடேக்க நிக்காது. ஓடிவந்து லைட்டில நிப்பாட்டினா நிக்குது.”

மூன்று ஆண்கள் கேட்டோம். அதாவது, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தோம்.

இரண்டாம் முறை நின்ற பிறகு அவளே எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள். அதுதான் மோசம். “என்னிலதான் பிழை போல,” என்றாள். பின்னம் விளங்காத பிள்ளைகளிடம் ஆயுள் முழுக்க “உன்னில பிழையில்லை, திரும்பச் செய்” என்று சொன்னவள் அவள். குசினியில் பாட்டு நின்றுவிட்டது.

எனக்கும் நின்றது

சிஸ்டர் கொடுத்திருந்த புத்தகக் கட்டைத் திருப்பிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சனிக்கிழமை காலை அதைப் பக்கத்துச் சீற்றில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். மரைன் டிரைவில் கடல் நன்றாக இருந்தது. ரயில் ஒன்று கூடவே ஓடிவந்தது. எஞ்சின் இனிமையாகப் பாடியது. இந்தக் காரைப் போய் ஓடத் தெரியாமல் நிற்பாட்டுகிறாளே என்று, ஒரு நல்ல கணவன் நினைக்கக் கூடாததை நினைத்தேன்.

காலிமுகத்திடல் சந்தி. சிவப்பு. பிரேக்கை மிதித்தேன். கார் ஒருமுறை நடுங்கியது, இருமல்காரர் தொண்டையைச் செருமுவது போல. இன்னொரு முறை நடுங்கியது. பிறகு குளிரூட்டியின் சத்தம், எஞ்சினின் சத்தம் எல்லாம் போய், கடற்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

பின்னால் ஒரு பஸ்ஸின் ஹோர்ன். நான் சாவியை முறுக்கினேன், முறுக்கினேன். முகமெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவில்தான் உறைத்தது: இது அதே லைட். இப்போது ஓடுகிறவன் நான். நடுவீதியில் கார் நின்றதற்காக வாய்விட்டுச் சிரித்த மனிதனை அந்தப் பஸ்காரர் முன்பு பார்த்திருக்க மாட்டார்.

வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

“கௌரி, நிண்டிட்டுது.”

“என்ன?”

“கார். எனக்கு. அதே கலர் லைட்டில.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிக அமைதியாகக் கேட்டாள்: “நீங்கள் பயந்துபோய் பிரேக்கை அமத்தினீங்களோ?”

ஒரு பொலிஸ்காரர் வந்து குனிந்து என் சிரிப்பைப் பார்த்தார். என்னை விசாரிப்பதைவிட அப்புறப்படுத்துவது இலகு என்று முடிவு செய்தவர், இரண்டு ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, “தல்லு கரமு, தல்லு கரமு” என்று சிங்களத்தில் தள்ளச் சொல்லி, தானும் பின்னால் கை வைத்தார். ஓரமாகத் தள்ளி விட்டபின், பஸ்லி நானாவின் ஆள் ஒருவர் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார். கொம்பனித்தெரு கூப்பிடு தூரம்தான்.

பிள்ளையார் இடம் மாறினார்

பஸ்லி நானாவின் கராஜுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மாடி எழும்பி, முற்பகல் முழுவதும் அவர் முற்றத்தில் நிழல் விழுத்துகிறது. அந்த நிழலில் எங்கள் கார் வாயைத் திறந்துகொண்டு நின்றபோது கௌரி ஓட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டுச் சட்டையை மாற்றி, பாடசாலைக்குப் போகும் சேலை உடுத்தியிருந்தாள்.

“நானா, போன முறை எவ்வளவு தூரம் ஓடிப் பாத்தனீங்கள்?”

“இந்தா, பள்ளிவாசல் முன்னுக்கு வரைக்கும் மிஸ்.”

“எஞ்சின் சூடாகினதோ?”

பஸ்லி நானா துணியில் கையைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த கைதான். “மிஸ், எஞ்சின் லைட் எரிஞ்சா நான் மெஷினப் பூட்டிப் பாத்தீப்பேன். லைட்டுதான் எரியல்லயே.”

“லைட் எங்கை இருக்கு?”

“ஸ்டியரிங்குக்குப் பின்னுக்கு. உங்கட சாமி ஈக்கிற இடத்துல.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “சாமிப் படத்துல நான் எப்புடி மிஸ் கை வைக்கிற?”

கௌரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடி மாடியின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீற்றில் இருந்தாள். நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிள்ளி, கிழியாமல் உரித்து, கண்ணில் ஒற்றி, பக்கத்துச் சீற்றுக்கு முன்னால் ஒட்டினாள். பஸ்லி நானா சாவியைத் திருப்பச் சொன்னார். கார் உயிர்த்தது, அரும்பாடுபட்டுத்தான். மற்ற விளக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த மஞ்சள் மட்டும் அணையவில்லை. வருடக்கணக்காக யாரோ ஒரு ஆள் அறைக்குள் இருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“யா அல்லாஹ்,” என்றார் பஸ்லி நானா. அவர் கோளாறு கண்டுபிடிக்கும் மெஷினைப் பூட்டி, திரையில் எதையோ வாசித்து, எஞ்சினின் தலைப்பக்கத்தில் ஒரேயொரு ஆணியைக் கழற்றி, விரல் பருமனில் ஒரு சாமானை வெளியே இழுத்தார். அதன் கழுத்தில் சின்ன வலை. வலை முழுக்கக் கறுப்பாக, பளபளவென்று, சர்க்கரைப் பாகில் கிண்டிய தொதல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

“சூடு காணாத ஒயில் இப்புடித்தான் இறுகும். அதுக்கு மேல தடிச்ச ஒயிலும் ஊத்தீக்கி. வால்வ் நேரத்த மாத்துற ஒயில் இந்த வலையாலதான் போற சேர். இது அடைச்சா வால்வ் முந்தின இடத்துலயே மாட்டிக்கும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதாகத் தலையாட்டினேன். கௌரிக்கு என் தலையாட்டலின் தரவேறுபாடுகள் தெரியும். “முதல்ல இருந்து சொல்லுங்கோ நானா,” என்றாள். அவர் ஆனந்தமாகச் சொன்னார். நடுவழியில் எனக்கு ஒரு பழைய கல்யாணம் ஞாபகம் வந்தது. அதோடு எல்லாம் வெளித்தது.

பந்தி வாசலில் நான்

நான் இளைஞனாக இருந்த காலம், வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். என் திறமைகளை ஆராய்ந்து எனக்கு ஒரு பொறுப்புத் தந்தார்கள்: பந்தி மண்டபத்தின் கதவுகள். ஒரு வாசலால் சாப்பிடப் போகிறவர்கள் உள்ளே வருவார்கள். மற்ற வாசலால் சாப்பிட்டவர்கள் வெளியே போவார்கள். வெளி வாசலை முழுதாகச் சாத்திய பிறகே உள் வாசலைத் திற என்று கட்டளை.

தாலி கட்டியதும் சனம் வெள்ளமாக வந்தது. நான் கட்டளைப்படி ஒன்றைச் சாத்தி, ஒன்றைத் திறக்குமுன் வெளியே நெரிசல், உள்ளே பாதி இலைகளில் ஆளில்லை. சமையல் பொறுப்பாயிருந்த மாமா ஓடிவந்தார். “டேய், போற சனம் போய் முடிய முதலே மற்றக் கதவைத் திற. போற இழுப்பிலேயே வாற சனம் உள்ளுக்கு வந்திடும்.” அப்படியே செய்தேன். உண்மைதான். வெளியே போகும் கூட்டம் பின்னால் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை நோக்கி மற்றக் கூட்டம் தானாகப் பாய்ந்தது.

நான் ஒன்றைக் கற்றால் விடமாட்டேன். பின்னேரமாகிச் சனம் குறைந்த பிறகும் இரண்டு கதவையும் ஒன்றாகவே திறந்து வைத்தேன். இப்போது தள்ளுவதற்குப் பின்னால் ஆளில்லை. சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு போய்க்கொண்டிருந்தவர்கள் திறந்த வாசலைக் கண்டு, பாயசம் இன்னும் இருக்குமோ என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இடமில்லை. பரிமாறுகிறவர்கள் வாளியோடு நடுவில் நின்றார்கள். பந்தி நின்றுவிட்டது.

எஞ்சினும் அப்படியொரு மண்டபம்தான். வால்வுகள் கதவுகள். ஒரு பக்கத்தால் காற்றும் பெற்றோலும் உள்ளே, மறுபக்கத்தால் எரிந்த புகை வெளியே. வேகமாக ஓடும்போது உள் கதவு முந்தித் திறந்தால் நல்லது. போகிற புகை புதுக் காற்றை இழுத்துக்கொண்டு வரும். கார் நின்று, எஞ்சின் மெல்லச் சுற்றும்போது அதே கதவு பிந்தித்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிந்த புகை திரும்பி வந்து உட்கார்ந்துவிடும், புதுக் காற்றுக்கு இடமிராது.

ரமணனின் அப்பாவின் காரில் கதவு திறக்கும் நேரம் ஆயுளுக்கும் ஒன்றுதான். வேகத்துக்கும் மெதுவுக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தை வைத்துச் சமாளித்தார்கள். எங்கள் கார் போன்றவற்றில் கதவு திறக்கும் தண்டின் நுனியில் ஒரு சக்கரம் இருக்கிறது. வெளியே ஒரு சக்கரம், உள்ளே ஒன்று, நடுவில் ஒயில் நிரம்பும் சின்ன அறைகள். வெளிச் சக்கரத்தைச் செயின் சுற்றுகிறது. உள்ளே இருப்பது தண்டோடு சேர்ந்தது. ஒரு பக்க அறைக்குள் ஒயிலைத் தள்ளினால் உட்சக்கரம் கொஞ்சம் முந்தும், கதவும் முந்தித் திறக்கும். மற்றப் பக்கம் தள்ளினால் பிந்தும். எப்போது எந்தப் பக்கம் என்று கம்பியூட்டர் சொல்கிறது. பஸ்லி நானா இழுத்தெடுத்த அந்த விரல் சாமான் ஒயிலைத் திருப்பிவிடுகிறது. புத்தியுள்ள வாசல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாசலில் நின்றவனைப் போல அல்ல.

எங்கள் வாசல்காரனின் கையில் தொதல் ஒட்டியிருந்தது. ஓடும்போது முந்தப் போனவன், நிற்கும்போது திரும்பி வர முடியாமல் அங்கேயே நின்றான். எஞ்சின் குளிராக இருக்கும்வரை கம்பியூட்டர் அவனைக் கூப்பிடுவதே இல்லை. ஆகவேதான் ஒழுங்கையால் இறங்கிக் கடலைப் பார்த்துத் திரும்பிய எங்கள் எல்லாருக்கும் கார் பூப்போல ஓடியது. அதுவரை வெள்ளவத்தையைத் தாண்டி ஓடிப்போன ஒரே ஆளுக்குத்தான் அது நின்றது.

“நான் சொன்னனான்,” என்றாள் கௌரி. “சூடாகினாப் பிறகு எண்டு.”

“மிஸ் சொன்னது சரி,” என்றார் பஸ்லி நானா. பிறகு, தன் கீர்த்தியைக் கொஞ்சமாவது மீட்க, “நானும் யோசிச்சேன்தான்,” என்றார்.

கையை எடுங்கோ

வலையைக் கழுவினார். தடித்த ஒயிலை இறக்கி, எஞ்சினைக் கழுவி, இந்தக் காருக்கென்று சொல்லப்பட்ட மெல்லிய ஒயிலை விட்டார். மஞ்சள் விளக்கை மெஷினால் அழித்தார். ஆனாலும் சத்தியம் பண்ண மறுத்துவிட்டார். ஊத்தை அந்தச் சக்கரத்துக்குள்ளேயே போயிருந்தால் இது போதாது, எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டிவரும்.

“தூரம் ஓடிப் பாக்கணும். நல்லா சூடு ஏறணும். அந்தக் கலர் லைட்டுல நிப்பாட்டிப் பாக்கணும். யாரு போற?”

“நான் போறன்,” என்று சாவியை எடுத்தேன். கணவன்மாருக்கு இப்படிப்பட்ட துணிச்சல் இடைக்கிடை வரும்.

கௌரி கையை நீட்டினாள். நான் சாவியை அதில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன்.

முதலில் தெற்கே, தெஹிவளைப் பாலம் வரை ஓடினாள். திரும்பி மரைன் டிரைவ். நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் எனக்கு நேரே. புத்தகக் கட்டு என் மடியில் இருந்தது. சூட்டு முள் நடுவுக்கு ஏறியது. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

காலிமுகத்திடல் சந்தி. பச்சையாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சிவப்பு விழுந்தது.

கார் மெதுவாகி நின்றது. பின்னால் ஒரு பஸ் வந்து, எங்கள் கண்ணாடி நிறைய நின்றது. எஞ்சினின் சத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது, பிறகு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். கௌரிக்குத் தெரியாமல், உள்ளங்கையை மெல்ல டாஷ்போர்டில் வைத்தேன், நாடி பார்ப்பதுபோல.

“கையை எடுங்கோ,” என்றாள், வீதியைப் பார்த்தபடியே. “ஓடிக்கொண்டுதான் இருக்கு.”

எடுத்தேன். விளக்கு இருந்த இடத்தில் ஒட்டியிருந்த பசையின் தடம் மட்டும் தெரிந்தது. பச்சை விழுந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடிக்குமுன்னே அவள் புறப்பட்டுவிட்டாள்.

கோட்டையைத் தாண்டியபோது மெல்லிய குரலில் ஏதோ கேட்டது. எஞ்சின் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

“அந்தப் புத்தகங்களை ஏன் மடியில கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?” என்றாள், பாட்டை நிறுத்தி. “பின் சீற்றில போடுங்கோ. திங்கட்கிழமை தொடங்கவேண்டிய கணக்குகள் எல்லாம் அதிலைதான் இருக்கு.”